பிரேமில் எழுதிய முகவரி

வெப்சைட்டைப் படம் பிடித்து, பிரவுசர் பிரேமுக்குள் வைத்து, பார்ட்டிக்குக் காட்டும் வேலையை நீங்கள் இப்போது ஒரு பட்டனில் முடித்துவிடுகிறீர்கள். உங்கள் ஆபீசுக்கு வந்தபோது பார்த்தேன். மூலை வளைகிறது. அடியில் நிழல் விழுகிறது. நன்றாக இருக்கிறது. நான் வேலையில் இருந்த காலம் முழுக்கச் செய்தது இதைத்தான். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பதும் இதுதான்.

நான் எட்டாவதோடு நின்றவன். தஞ்சாவூர் கீழவாசலில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் கடையில் இருந்தேன். மேடம் அங்கே ஒரு படத்துக்கு பிரேம் போட வந்தார். நான் மூலை வெட்டுவதை நின்று பார்த்தார். "கம்ப்யூட்டர்ல இதே வேலை இருக்கு, வர்றீங்களா?" என்றார். போனேன். அவ்வளவுதான் நேர்காணல்.

மேடம் என்று மட்டும் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். கணவர் மஸ்கட்டில் இருந்தார். மருந்துக்கடை மாடியில் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை திறக்க மாட்டார், எந்த அவசரமானாலும்.

அந்தக் காலத்தில் டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா. ஊரில் கடை வைத்திருப்பவர்களுக்கு அவர்களைப் பிடிக்க வெப்சைட் வேண்டியிருந்தது. ஆனால் கடைக்காரர்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் செய்த பக்கத்தைக் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டுவோம்.

முதலில் வெறும் பக்கத்தைத்தான் அச்சடித்தோம். கூத்தாநல்லூரில் ஒரு அரிசி மில் பாயிடம் கொண்டுபோனோம். புரட்டிப் பார்த்தார்.

"நோட்டீஸ் நல்லாருக்கும்மா. இன்டர்நெட் எங்க?"

"இதான் பாய் இன்டர்நெட்."

"இதையா? இத விட நல்ல நோட்டீஸ் நம்ம பள்ளிவாசல் தெருவுல அடிச்சுக் கொடுக்கறானே."

திரும்பி வரும்போது மேடம் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தார். மறுநாள் பிரவுசர் ஜன்னலைப் படம் பிடித்து, நடுவைக் காலியாக்கி என்னிடம் கொடுத்தார். மேலே நீலப் பட்டை. அதற்குக் கீழே முன்னே போக, பின்னே போக அம்புக்குறி. முகவரி எழுதும் கட்டம். ஓரத்தில் ஏற்றி இறக்கும் பட்டை. அதே பக்கத்தை அதற்குள் வைத்துக் கொண்டுபோனோம். பாய் எழுந்தே நின்றுவிட்டார்.

"இதான்! எங்க மச்சான் சிங்கப்பூர்ல காமிச்சது இதான்!"

உள்ளே ஒரு எழுத்து மாறவில்லை. பிரேம் மட்டும்தான் வந்திருந்தது. மேடத்தின் மூளையை நான் மெச்சியது அன்று முதல்.

அதற்குப் பிறகு பிரேம் இல்லாமல் ஒரு படமும் வெளியே போகவில்லை. டிசைனும் புரோகிராமும் பாலா. கும்பகோணத்துப் பையன், இன்ஜினியரிங் முடித்தவன், வேலையில் கெட்டி. அவன் பக்கத்தைக் கொடுப்பான். நான் பிரேமில் வைப்பேன். முகவரிக் கட்டம் காலியாக இருந்தால் மொட்டையாகத் தெரியும் என்று கடைப் பெயரைப் போட்டு டாட் காம் என்று எழுதிக் கொடுப்பான். அந்தப் பெயர் கிடைக்குமா என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை. பார்ட்டி சரி சொன்ன பிறகுதான் பெயரை வாங்குவோம். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

திருக்கடையூரில் சபாபதி ஐயா மண்டபம் வைத்திருந்தார். அங்கே அறுபதாம் கல்யாணம் செய்ய எங்கிருந்தெல்லாமோ வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தங்க ரூம், சாப்பாடு, மேளம், கலசம், கோயில் ஏற்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு முன் ஒரு பண்ணை வீட்டில் காரியஸ்தராக இருந்தவர். அவர்கள் நிலத்தை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு பெங்களூர் போய்விட்டார்கள். இவர் கையில் இருந்ததையெல்லாம் போட்டு மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அந்தத் தொழிலில் விளம்பரம் கிடையாது. ஒரு குடும்பம் நல்லபடியாகச் செய்துகொண்டு போனால் நாலு குடும்பத்திடம் சொல்லும். கெட்டுப்போனால் நாற்பது குடும்பத்திடம் சொல்லும். அவருக்குப் பேர்தான் முதல்.

அவருக்குச் செய்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மண்டபத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பிரேமைப் பார்த்தார். வலது மூலையைத் தொட்டார்.

"இது என்னம்மா, பெருக்கல் குறி?"

"மூடறதுக்குங்க ஐயா. அத அமுக்கினா ஜன்னல் மூடிடும்."

"மங்கல காரியம் பண்ற எடத்துல மூடறதுக்குக் குறி எதுக்கு? எடுத்துடுங்க."

பாலா எனக்குப் பின்னால் சிரிப்பை அடக்கினான். மேடம் சிரிக்கவில்லை. "எடுத்துடறோங்க" என்றார். எடுத்தோம். பெருக்கல் குறி இல்லாத பிரவுசர் ஜன்னல் உலகத்திலேயே அவர் மண்டபத்தில்தான் இருந்திருக்கும். லேமினேட் செய்து கொடுத்தோம். வரவேற்பு மேஜைக்கு மேலே மாட்டினார். பூச்சரம் போட்டார்.

இதிலேயே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மனிதர் பிரேமின் மூலையில் இருக்கும் குறி வரைக்கும் படிக்கிறார். நடுவில் எழுதியிருப்பதை விடுவாரா? நாங்கள் யோசிக்கவில்லை. பிரேமை யார் படிப்பார்கள் என்பது எங்கள் எண்ணம்.

பெயர் வாங்கப் போனபோது அந்த டாட் காம் கிடைக்கவில்லை. யாரோ வெளிநாட்டில் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். பாலா மண்டபத்துப் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து வேறு முகவரி வாங்கினான். வெப்சைட்டை அதில் ஏற்றினான். நன்றாக ஓடியது. சுவரில் தொங்கும் படத்தில் பழைய முகவரி இருப்பது யாருக்கும் நினைவில்லை.

சபாபதி ஐயா அந்தப் படத்தை வைத்துத் தாம்பூலப் பை அச்சடித்திருந்தார். விசேஷம் முடிந்து போகிறவர்களுக்குத் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுக்கிற மஞ்சள் பை. ஒரு பக்கம் மண்டபத்தின் பெயர். அதற்குக் கீழே, படத்தின் மேல் கட்டத்தில் இருந்ததை அப்படியே. எங்களிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? அவரைப் பொறுத்தவரை வெப்சைட் சுவரில் இருந்தது. அதன் முகவரி அதன் மேலேயே எழுதியிருந்தது.

தை மாதம். சனிக்கிழமை காலை போன் வந்தது. மேடம் எடுத்தார். எதிர்முனையில் சபாபதி ஐயாவின் குரல் எனக்கே கேட்டது. எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர்.

"மேடம், நம்ம வெப்சைட்டுல சீட்டாடறாங்களாம்."

"என்னங்க ஐயா?"

"சீட்டாட்டம். பணம் வெச்சு. அரைகுறை உடுப்புல பொம்பளைங்க சீட்டு போடறாங்களாம். நாளைக்கு விசேஷத்துக்கு வந்திருக்கற சம்பந்தி வீட்டுல பாத்துட்டு வந்து கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"என்ன அட்ரஸ்ல பாத்தாங்களாம்?"

"நம்ம அட்ரஸ்லதாம்மா. பையில இருக்கே."

மேடம் எழுதிக்கொண்டார். போனை வைத்துவிட்டு பாலாவிடம் கொடுத்தார். அவன் அடித்தான். பக்கம் மெதுவாக வந்தது. முதலில் பச்சை மேஜை. அப்புறம் சீட்டு. அப்புறம் அந்தப் பெண்கள். மேடம் திரும்பிக்கொண்டார்.

"இது நம்ம சைட்டே இல்ல மேடம். நம்ம சைட் ஒழுங்கா இருக்கு, பாருங்க."

"அவருக்கு இந்த அட்ரஸ யார் கொடுத்தா?"

நான் அலமாரியிலிருந்து படத்தின் பிரதியை எடுத்து மேஜையில் வைத்தேன். மூன்று பேரும் முகவரிக் கட்டத்தைப் பார்த்தோம்.

"அது டம்மி மேடம். சும்மா பிரேமுக்காகப் போட்டது."

அந்தப் பெயர் கிடைக்காமல் வேறு வாங்கிய விவரத்தை பாலா சொன்னான். நாளைக்கு அறுபதாம் கல்யாணம் யாருக்கு என்று சபாபதி ஐயாவைக் கேட்டு அறிந்தோம். குத்தாலத்துப் பக்கத்துக்காரர் ஒருவருக்கு. அவர் மகள் வாணி சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். ஒரே மகள். அப்பா வேறு விசேஷத்தில் வாங்கிய பையைப் பார்த்து இந்த மண்டபத்தைப் பிடித்திருக்கிறார். வாணி போனிலேயே எல்லாம் பேசி முடித்துவிட்டாள். வெப்சைட்டை அவள் அதுவரை திறக்கவில்லை. கிளம்புவதற்கு முன் மாமனார் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, அப்பா பையைப் பார்த்துச் சொன்ன முகவரியைத் திறந்திருக்கிறார்கள். அந்த மாமனாரும் மாமியாரும் இப்போது மண்டபத்தில். இன்னும் மூன்று நான்கு சிங்கப்பூர்க் குடும்பங்கள் வாணி சொன்னால் இங்கே வருவதாக இருந்தார்கள். அவள் என்ன சொல்வாள் என்பதில் சபாபதி ஐயாவின் அடுத்த வருஷம் இருந்தது.

பாலா எழுந்தான். கெட்ட பையன் இல்லை. பதற்றம்.

"மேடம், வைரஸ்னு சொல்லிடலாம். யாரோ ஹேக் பண்ணிட்டான், ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடறோம்னு சொன்னா முடிஞ்சுது. யார் மேலயும் தப்பில்ல. அவருக்கு என்ன தெரியப்போகுது?"

எனக்கும் அது சரியாகப் பட்டது. எடுபட்டும் இருக்கும்.

மேடம் சொன்னார்: "அவருக்குத் தெரியாதுங்கறதாலதான் பாலா நம்மகிட்ட வந்தாரு."

அப்புறம் என்னைப் பார்த்தார். "ராஜு, வண்டி சொல்லுங்க. கம்ப்யூட்டரையும் ஏத்துங்க."

வாடகை அம்பாசிடர். பின் சீட்டில் மானிட்டரைத் தலையணை வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். அறுவடை நேரம். கும்பகோணம் தாண்டியதும் ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். வண்டி ஊர்ந்தது. பாலா வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தான். முதலில் நல்ல சைட்டைக் காட்டிவிடலாம், அப்புறம் விளக்கலாம். படத்தின் அடியில் 'மாதிரி' என்று சின்னதாகப் போட்டிருக்கிறோம், அதைக் காட்டலாம். மேடம் ஆடுதுறை வரை கேட்டார்.

"அந்த 'மாதிரி'ங்கற எழுத்து எந்த பாஷையில இருக்கு?"

"இங்கிலீஷ்ல மேடம்."

"பேசாம வா."

மண்டபத்தில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ரூமில் பெண்கள் உட்கார்ந்து பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார்கள். சபாபதி ஐயா வாசலுக்கே வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "யாரும்மா நம்ம வெப்சைட்டுக்குள்ள பூந்தது?" என்றார்.

பாருங்கள், பதிலை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். தலையை ஆட்டியிருந்தால் போதும். மேடம் ஆட்டவில்லை.

"யாரும் பூரலைங்க ஐயா. அது உங்க வெப்சைட் இல்ல. வேற ஒருத்தரோடது. அவர் எடத்துல அவர் இருக்கார். அந்த அட்ரஸ உங்க படத்துல எழுதினது நாங்க."

அவர் திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"அப்ப இது வெப்சைட் இல்லையா?"

"இது வெப்சைட்டோட போட்டோ. மேல இருக்கற அட்ரஸ் நமக்குக் கெடைக்கும்னு நெனச்சு எழுதினோம். கெடைக்கல. வேற வாங்கினோம். உங்ககிட்ட சொல்லல."

சமையல்காரர் உப்பு எவ்வளவு என்று ஏதோ கேட்க வந்தார். சபாபதி ஐயா கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

"பெருக்கல் குறிய எடுங்கன்னேன், எடுத்தீங்க. இது நெசமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதையும் எடுத்துடுங்கன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேனேம்மா."

"ஆமாங்க."

மேடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அந்த 'ஆமாங்க'வை நான் மறக்கவில்லை. அதன் பின்னால் ஒரு 'ஆனா' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நான் அந்தப் பொண்ணுகிட்ட பேசறேன்" என்றார் மேடம்.

"நீங்க எழுதினீங்க. பையக் கொடுத்தது நான். ரெண்டு பேரும் போவோம்" என்றார் அவர்.

வாணி மேல் ரூமில் இருந்தாள். முப்பது வயதுக்குள். அழுது முடித்த முகம். பக்கத்தில் கட்டிலில் மாமியார். கனத்த உடம்பு, கனத்த குரல். நாங்கள் உள்ளே போனதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"வாங்க. நீங்கதான் சீட்டாட்டக் கம்பெனியா?"

மேடம் நடந்ததைச் சொன்னார். சபாபதி ஐயாவிடம் சொன்ன அதே வார்த்தைகள். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"எங்க வீட்டுப் பேரப்பசங்க உக்காந்திருக்காங்கம்மா. இவ, எங்க அப்பாவுக்கு அறுபது நடக்கற எடத்தப் பாருங்கன்னு பெருமையாத் தொறந்தா. தொறந்தா சீட்டுக்கட்டு. எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, உங்க ஊர்ல அபிஷேகத்துக்கு அப்புறம் ஆட்டமும் உண்டான்னு. இவ தலைய நிமித்தல."

"தெரியாத ஒரு அட்ரஸ ஏன் எழுதினீங்க?" வாணி கேட்டாள். குரல் உயரவில்லை.

"அழகா இருக்கும்னு எழுதினோம்" என்றார் மேடம்.

பாலா தரையைப் பார்த்தான். மாமியார் மேடத்தை மேலும் கீழும் பார்த்தார். சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தவர். பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

"இப்படிச் சொல்றவங்களோட என்னன்னு சண்ட போடறது?" என்றார் மருமகளிடம்.

வாணி கேட்டாள்: "கீழ பைக்குள்ள தேங்கா போட்டுக்கிட்டிருக்காங்க. நாளைக்கு எங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் அதத்தான் கொடுப்பீங்களா?"

பாலா சட்டென்று சொன்னான். "அந்த வரிய மட்டும் மார்க்கர்ல அடிச்சுடலாங்க."

"கறுப்பு மையிலயா? தாம்பூலப் பையிலயா?" மாமியார் எழுந்தேவிட்டார். "தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லைங்க."

"ஆகாது."

வாணிக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சபாபதி ஐயா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அந்தப் பை ஒண்ணுகூட இந்த வாசலத் தாண்டாதும்மா. பிரிச்சுடச் சொல்றேன். வெறும் மஞ்சப் பையில கொடுப்போம். எம் பேரு அதுல வேண்டாம். உங்க அப்பா பேருக்கு நடக்கற விசேஷம்."

அச்சடித்த பைகள் பின்கட்டில் மூட்டை மூட்டையாக இருந்தன. அந்த சீசன் முழுவதற்கும் வாங்கி வைத்தது. அவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட மனிதரையும் நான் அதற்கு முன் கண்டதில்லை.

பாலாவும் நானும் அதே வண்டியில் மாயவரம் போனோம். கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரே மாதிரி கிடைக்கவில்லை. சிலது எலுமிச்சை நிறம், சிலது மாம்பழ நிறம். அள்ளிக்கொண்டு வந்தோம். மேடம் அந்த ரூமில் பெண்களோடு தரையில் உட்கார்ந்து பழைய பையிலிருந்து தேங்காயை எடுத்துப் புதுப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பாலாவும் உட்கார்ந்தான். வெற்றிலையை எப்படி மடிப்பது என்று ஒரு அம்மாள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கம்ப்யூட்டரை மண்டபத்து ஆபீஸ் ரூமில் மாட்டி வைத்திருந்தேன். போன் லைனில் சேர்த்தாயிற்று. நம் வெப்சைட் அழகாகத் திறந்திருந்தது. பாலா மாடிக்குப் போய் வாணியைக் கூப்பிட்டான். அவள் படி வரைக்கும் வந்தாள்.

"நான் இப்ப எதையும் பாக்கறதா இல்லைங்க. நாளைக்கு எங்கப்பாவுக்கு நல்லபடியா நடக்கட்டும்."

பாலா, "ரெண்டு நிமிஷம்தாங்க, பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தான்.

மேடம் அவன் தோளைத் தொட்டார். "கழட்டி வை பாலா. நம்ம வேலையக் காட்டறதுக்கு இது நேரம் இல்ல."

அத்தனை தூரம் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. கழற்றினேன்.

அன்று தரங்கம்பாடியில் மேடத்தின் அம்மா வீட்டில் தங்கினோம். காலையில் அவர் அம்மா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, "ஆராதனைக்கு வரலியா?" என்றார். "ஒரு வீட்டு விசேஷம்மா. நம்மால கெட இருந்துச்சு. முடியற வரைக்கும் அங்க இருக்கணும்" என்றார் மேடம். ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை பார்த்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு நாள்தான்.

விசேஷம் நன்றாக நடந்தது. கலசத் தண்ணீர் ஊற்றும்போது வாணியின் அப்பா குழந்தை மாதிரி சிரித்தார். சாப்பாட்டில் குறை இல்லை. மாமியார் ரசம் இரண்டு தரம் கேட்டு வாங்கினார். பை கொடுக்கும்போது இரண்டு நிறம் ஏன் என்று யாரோ கேட்டார்கள். "பெண் வீட்டுக்கு ஒண்ணு, மாப்பிள வீட்டுக்கு ஒண்ணு" என்று மாமியாரே பதில் சொல்லிவிட்டார். வாணி கிளம்பும்போது சபாபதி ஐயாவிடம் கைகூப்பினாள். மேடத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். மற்றக் குடும்பங்களைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஏற்கெனவே வெளியே போன பைகள் இருந்தன. அதற்கு என்ன செய்வது? திங்கட்கிழமை சபாபதி ஐயா தஞ்சாவூர் ஆபீசுக்கே வந்துவிட்டார். அந்த சீசனில் விசேஷம் செய்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஆபீஸ் போனிலிருந்து பேசினார்கள். மேடம் ஆரம்பிப்பார், நடந்ததைச் சொல்வார். போனை அவரிடம் கொடுப்பார். "பையில இருக்கற அட்ரஸத் தொறக்காதீங்க, உங்க சொந்தக்காரங்ககிட்டயும் சொல்லிடுங்க" என்பார் அவர். சிலர் திட்டினார்கள். சிலர் திறந்தே பார்க்கவில்லை. மன்னார்குடிக்காரர் ஒருவர் போனில் ஓவென்று சிரித்தார். "அட, எங்க மச்சினன் அந்தப் பைய பூஜை ரூம்ல வெச்சிருந்தான், இப்ப கம்ப்யூட்டர் பக்கத்துல வெச்சிருக்கான். ஏன்னு இப்பதான் புரியுது!" சபாபதி ஐயாவும் சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

பாலாவை மேடம் திட்டவில்லை. ஒரு வழக்கத்தை மட்டும் மாற்றினார். பிரேமின் முகவரிக் கட்டத்தில் ஒன்று எழுத வேண்டுமென்றால், அது முதலில் திறக்க வேண்டும். நம் மெஷினில் அல்ல. கீழே பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில், யாரோ ஒருவன் மெஷினில். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தில் இருப்பதைப் பார்த்து அடிக்க வேண்டும். திறக்காவிட்டால் கட்டம் காலியாகப் போகும். மொட்டையாகத்தான் இருக்கும். இருக்கட்டும். பாலாதான் முதல் ஆளாகப் படி இறங்கிப் போனான். பிறகு துபாய்க்கு வேலைக்குப் போனபோதும் அங்கே இதையே செய்ய வைத்தான் என்று கேள்விப்பட்டேன். உங்கள் பட்டன் அந்தக் கட்டத்தில் தானாகவே எதையோ எழுதிவிடுகிறது. எழுதட்டும். பார்ட்டிக்கு அனுப்புவதற்கு முன்னால் அதைப் படியுங்கள். பார்க்கிறவர் பிரேமையும் சேர்த்துத்தான் நம்புகிறார்.

சபாபதி ஐயாவுக்கு மாசியும் பங்குனியும் மந்தமாகப் போயின. உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. குத்தகை புதுப்பிக்கலாமா விடலாமா என்று மேடத்திடம் ஒரு தரம் கேட்டார். மேடத்துக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னார்.

வெயில் காலம். ஆபீசில் போன் அடித்தது. நான் எடுத்தேன். வெளிநாட்டு லைன், இரைச்சல். "மேடம் இருக்காங்களா? நான் வாணி பேசறேன், சிங்கப்பூர்லேர்ந்து."

மேடத்திடம் கொடுத்தேன். பாலா நாற்காலியை விட்டு எழுந்தான்.

"சொல்லும்மா... ஆமா... நான் சொல்றேன், நீ அடி." மேடம் மண்டபத்தின் சரியான முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பாதியில் நிறுத்திக் காத்திருந்தார். மறுபடி சொன்னார். "அமுக்கும்மா. மெதுவாத்தான் வரும். நான் லைன்ல இருக்கேன்."

மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. வெளிநாட்டிலிருந்து பேசுகிறாள், நிமிஷத்துக்கு நிமிஷம் காசு. பாலா கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

திடீரென்று போனுக்குள்ளிருந்து ஒரு கனத்த குரல். வாணியின் குரல் இல்லை. போனிலிருந்து தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

"மண்டபம் இருக்கு, ரூம் இருக்கு, சாப்பாட்டுக் கூடம் இருக்கு. சமையக்கட்டு படத்தக் காணுமே? எங்க வீட்டுக்காரருக்கு எழுபது பண்றோம், சமையக்கட்டப் பாக்காம எப்படிம்மா பணம் கட்டறது?"

மேடம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார். நான் கேமராவைத் தேடி எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். மாயவரம் பஸ் நின்றுகொண்டிருந்தது.